ஆபரேட்டர் அறைக்கு எதை முதலில் வாங்குவது?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய தியேட்டர் ஒன்று மூடிக் கல்யாண மண்டபம் ஆகும்போது, மேலே ஆபரேட்டர் அறையில் இருந்த புரொஜெக்டர் காயலான் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது. அப்படிப் போகவிருந்த ஒன்றை மீட்டு, வீட்டுக்கோ நண்பர்கள் சேர்ந்து நடத்தும் திரைப்படக் கழகத்துக்கோ கொண்டுவந்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் விசாரிப்பது லேம்பின் விலையை. வெளிச்சம் வந்துவிட்டால் படம் ஓடிவிடும் என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். புது லேம்ப் போட்டு ஓட்டிய முதல் ரீலில் பளிச்சென்று தெரிந்தது, கேட்டில் (லேம்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஃபிலிம் நழுவிப் போகும் சட்டம்) படிந்திருந்த பழைய அழுக்கு ஃபிலிமின் மேல் தலை முதல் வால் வரை இழுத்துவிட்ட கோடு. படத்தில் மழை பெய்கிறது என்பார்களே, அந்த மழையை நானே வரவழைத்திருந்தேன். லேம்ப் போனால் இன்னொன்று வாங்கலாம். 2010களின் நடுப்பகுதிக்குள் தமிழ்த் தியேட்டர்களுக்குப் படப்பெட்டி வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. உங்கள் கையில் இருக்கும் பிரிண்டுக்கு மாற்றுப் பிரிண்ட் இனி வராது. அதனால் என் வரிசை இது: ஃபிலிமைத் தொடுகிற பொருளுக்கு முதல் பணம், உங்கள் உடம்பைக் காக்கிற பொருளுக்கு அடுத்த பணம், வெளிச்சமும் ஒலியும் அதற்குப் பிறகு.

முதல் படி: கையில் இருப்பது எந்த ஃபிலிம்?

கடைக்குக் கிளம்பும் முன் ஃபிலிமைப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்கு ஒவ்வோர் ஓரத்திலும் 4 துளைகள் இருக்கும். ஓர் அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 'பதினாறு ரீல் படம்' என்று பெரியவர்கள் சொல்வது ஆயிரம் அடி ரீல் கணக்கு. ஒன்று 11 நிமிடம். 2,000 அடி ஸ்பூல் என்றால் ஏறக்குறைய 22 நிமிடம். 16 மி.மீ. ஃபிலிம் அடிக்கு 40 ஃபிரேம், நிமிடத்துக்கு 36 அடி; 1,600 அடி ஸ்பூலில் முக்கால் மணி நேரப் படம் அடங்கிவிடும். ஒட்டும் கருவி, ஸ்பூல், சுற்றும் கருவி எல்லாமே இந்த அகலத்தைப் பொறுத்தவை. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது.

அடுத்து, ஃபிலிம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். 1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் புழக்கத்தில் இருந்தது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஓரத்தில் 'நைட்ரேட்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தாலோ, மிகப் பழைய ஃபிலிமின் ஓரத்தில் 'சேஃப்டி' என்ற சொல் இல்லாமல் இருந்தாலோ அதை ஓட்டாதீர்கள், வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மீதி இரண்டு வகைகள் அசிட்டேட்டும் பாலியஸ்டரும். ரீலின் பக்கவாட்டை ஒரு விளக்குக்கு நேரே பிடித்தால் பாலியஸ்டரில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். அசிட்டேட் இருண்டே இருக்கும். இந்தச் சின்னச் சோதனை பின்னால் பணத்தை மிச்சப்படுத்தும், ஏனென்றால் ஃபிலிம் சிமென்ட் என்ற பசை அசிட்டேட்டை மட்டுமே ஒட்டும். பாலியஸ்டரை டேப் போட்டுத்தான் ஒட்ட முடியும். இன்னொரு வேறுபாடும் உண்டு. அசிட்டேட் சிக்கினால் அறுந்துவிடும், அரங்கில் விசில் பறக்கும், அதோடு போயிற்று. பாலியஸ்டர் அறாது. அது சிக்கினால் புரொஜெக்டரின் தண்டுதான் வளையும்.

இரண்டாம் படி: மேசையும் அதன்மேல் உள்ளவையும்

புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை வேண்டும். அதன் இரு முனையிலும் கையால் சுற்றும் ரீவைண்டர், நடுவில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் வெள்ளைக் கண்ணாடிப் பெட்டி. மோட்டார் ரீவைண்டரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஃபிலிமின் ஓரத்தில் விரலை மெல்ல வைத்துக்கொண்டு கையால் சுற்றும்போது, கிழிந்த துளையும் பிரிந்த ஒட்டும் விரலுக்குத் தெரியும். மோட்டார் வேகத்தில் அவை விரலைக் கிழித்துவிட்டுப் போகும். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால், கிழிசல் வரும் இடத்தில் நூல் மாட்டி இழுக்கும். அது தொந்தரவு போலத் தோன்றினாலும் நமக்குச் சாதகமான தொந்தரவு. பத்து ஜோடியாவது வாங்கி வையுங்கள், நம் ஊர் வியர்வைக்கு ஒரு காட்சிக்கு இரண்டு ஜோடி ஆகிவிடும்.

மொத்தப் பட்டியலிலும் நான் பேரம் பேசாமல் பணம் கொடுக்கச் சொல்வது ஒட்டும் கருவிக்குத்தான். அழுத்தினால் டேப்பையும் வெட்டி, துளைகளையும் தானே போடும் கத்தி வகை ஒட்டுக் கருவி நல்லது. பழையதாக வாங்கும்போது ஒரு துண்டு ஃபிலிமைக் கொண்டுபோய்க் கடையிலேயே ஒட்டிப் பாருங்கள். துளை போடும் ஊசிகளில் ஒன்று மழுங்கியிருந்தால் டேப் துளையின்மேல் மூடியபடியே நிற்கும். பல்சக்கரத்துக்கு வந்ததும் அந்த ஒட்டு குதிக்கும். வீட்டு செல்லோடேப்பை அவசரத்துக்குக்கூடத் தொடாதீர்கள். அதன் பசை சூட்டில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படச்சாயத்தையும் உரித்துக்கொண்டு வரும்.

வெட்டும் இடம் எப்போதும் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் உள்ள கோடு. 4 துளை கணக்குத் தப்பி வெட்டி ஒட்டினால், அந்த ஒட்டு கடந்ததும் திரையில் கதாநாயகனின் கால் மேலேயும் தலை கீழேயும் வந்து நிற்கும். கடலூரில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆபரேட்டர் அண்ணன், பழுதான ஃபிலிம் துண்டில் நூறு ஒட்டுப் போடச் சொல்லி, அவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் படப்பெட்டியைத் திறக்க விட்டார். அப்போது கோபம் வந்தது.

மேசையில் இன்னும் இருக்க வேண்டியவை: பூதக்கண்ணாடி, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், மெழுகுப் பென்சில் வெள்ளையிலும் மஞ்சளிலும், ரீல் முனையைக் கட்ட எளிதில் உரியும் காகித டேப், தலைக்கும் வாலுக்கும் ஒட்ட வெற்று ஃபிலிம் சில நூறு அடி. ஸ்பூலை வாங்கும்போது தண்டில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். விளிம்பு ஆடினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஃபிலிமின் ஓரத்தைத் தேய்க்கும்.

மூன்றாம் படி: சுத்தம்

இதற்குச் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். கைகழுவும் சானிட்டைசரை ஊற்றாதீர்கள், அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுப்பு தங்கும். பழைய ஆபரேட்டர்கள் சிலர் கார்பன் டெட்ராகுளோரைடு நன்றாகச் சுத்தம் செய்யும் என்பார்கள். உண்மைதான், அதோடு கல்லீரலையும் கெடுக்கும், தொடவேண்டாம்.

துணிக்குப் பலமுறை துவைத்த பழைய வேட்டியை மிஞ்சியது இல்லை, நூல் உதிராது. பல்சக்கரத்தின் பற்களுக்கிடையே பல் தேய்க்கும் பிரஷ். கேட்டில் இறுகிப்போன சாயப் படிவத்தைச் சுரண்ட ஐஸ் குச்சியோ மூங்கில் குச்சியோ போதும். ஸ்குரூடிரைவரால் சுரண்டினால், நீங்கள் கேட்டில் போடும் கீறல் இனி ஓடும் எல்லாப் படத்திலும் கையெழுத்துப் போடும். லென்ஸுக்குத் தனியாக ரப்பர் ஊதுகுழலும் லென்ஸ் காகிதமும். முதலில் ஊதித் தூசியை விரட்டுங்கள், பிறகு துடையுங்கள். கடற்கரை ஊரில் அந்தத் தூசியில் பாதி மணல்.

எண்ணெய் விஷயத்தில் கருவியின் குறிப்பேடு சொல்வதைத்தான் வாங்க வேண்டும். ஃபிரேமை ஒவ்வொன்றாக நிறுத்தி நகர்த்தும் சிலுவைச் சக்கரப் பெட்டி பல கருவிகளில் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். அதற்கு ஏற்ற தடிமன் தவறினால் படம் திரையில் நடுங்கும், சக்கரமும் தேயும். வண்டிக்கு ஊற்றி மிச்சமான எஞ்சின் ஆயில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் விட்ட ஒருவரையும் நான் பார்த்திருக்கிறேன், மார்கழிக் காலையில் கருவி அசையவில்லை. நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பியும் அடியில் வைக்க ஒரு தட்டும் வாங்குங்கள். சொட்டுக் கணக்கில் விடுங்கள், மீறியது ஃபிலிமில்தான் போய்ச் சேரும்.

ஆயுத பூஜை அன்று புரொஜெக்டருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது தியேட்டர் வழக்கம். தாராளமாக வையுங்கள், லேம்ப் பெட்டியின் மேல் வையுங்கள். கேட் பக்கமும் லென்ஸ் பக்கமும் கை போகக் கூடாது.

கடற்காற்றுக்கு என்ன செய்வது?

மதுரையிலோ சேலத்திலோ எழுதப்படும் வழிகாட்டியில் இந்தப் பகுதி தேவைப்படாது. நமக்குத் தேவை. பகல் சாய்ந்ததும் கிழக்கிலிருந்து வரும் உப்புக் காற்று இரும்பை அரிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் ஃபிலிமில் பூஞ்சணம் பூக்க வைக்கும். தகர டின்னில் வந்த ரீலை அப்படியே வைக்காதீர்கள். துரு உதிர்ந்து ஃபிலிமுக்குள் போகும். பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். அறையின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. இங்கே அது குளிர்சாதனமோ ஈரம் உறிஞ்சும் கருவியோ இல்லாமல் நடக்காது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டிவிடுங்கள். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பை. நீலம் இளஞ்சிவப்பானால் சூடுபடுத்தி உலர்த்தி மறுபடி வைக்கலாம். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள், சில மணி நேரம் மூடியபடியே வெளியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த செம்பில் நீர் பூப்பதுபோல் ஃபிலிமின்மேல் நீர் பூக்கும்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். அந்த வாடை தொற்று நோய் போல. பக்கத்து ரீலையும் கெடுக்கும். தனியே பிரித்து வையுங்கள். அமிலத்தைக் காட்டும் நீலத் தாள் கிடைக்கிறது, டப்பாவில் ஒரு நாள் வைத்தால் போதும். பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறினால் நிலைமை மோசம். அந்துருண்டை போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

16 மி.மீ. கருவி வைத்திருப்பவர்கள் அதன் ரப்பர் பெல்ட்டை இரண்டு செட் கையிருப்பில் வைக்க வேண்டும். பல ஆண்டு ஓடாமல் கிடந்த கருவியைத் திறந்தால் பெல்ட் இருந்த இடத்தில் தார் போல ஏதோ உருகிக் கிடக்கும்.

நான்காம் படி: உடம்பு

செனான் வாயு அடைத்த லேம்ப் அணைந்து குளிர்ந்த நிலையிலும் அதன் கண்ணாடிக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். தட்டினால் வெடிக்கும். எனவே லேம்பை வாங்குவதற்கு முந்தைய நாளே முகம் முழுவதையும் கழுத்தையும் மறைக்கும் கவசம், தடித்த தோல் கையுறை, தடித்த மேலங்கி மூன்றையும் வாங்கிவிடுங்கள். லேம்பைப் பெட்டியில் பொருத்தி முடிக்கும் வரை அதன் பாதுகாப்பு உறையைக் கழற்றாதீர்கள். குவார்ட்ஸ் பகுதியில் வெறும் விரல் பட்டால் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் சூட்டில் வெந்து அந்த இடம் பலவீனமாகும். நேர்மின் முனையையும் எதிர்மின் முனையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் புது லேம்ப் சிறிது நேரத்திலேயே பாழாகிவிடும். ஆகவே லேம்புக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபையரின் வயர்களில் சிவப்பும் கறுப்பும் டேப் சுற்றுங்கள். எரியும் வெளிச்சத்தை நேரடியாகப் பார்க்கக் கூடாது, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டும் கூடாது.

இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் சுடரால் வெளிச்சம் தரும் கார்பன் ஆர்க் கருவி கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அதன் வெளிச்சம் அழகு. ஆனால் புதியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். குச்சி கரையக் கரைய இடைவெளியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், புகைக்குத் தனிப் போக்கி வேண்டும், ஈரம் ஏறிய குச்சி நம் ஊரில் பொரிந்து தள்ளும்.

தீயணைப்புக்குக் கரியமில வாயு சிலிண்டர் வாங்குங்கள். பொடி வகையும் தீயை அணைக்கும், கூடவே புரொஜெக்டரையும் முடித்துவிடும். புகைபோக்கியின் வாயைக் கடல் பக்கம் வைக்காதீர்கள்.

டிக்கெட் போட்டுப் பொதுமக்களுக்குக் காட்டுவதானால் அனுமதி வேண்டும். கடலூர்ப் பக்கம் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குத் தனி விதிகள். கருவி வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வெளிச்சமும் லென்ஸும்

இப்போது லேம்ப். எவ்வளவு பெரியது என்பதைத் திரை சொல்லும். லென்ஸிலிருந்து தொடங்கலாம். திரையின் அகலம் என்பது, திரைக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைக் கேட்டின் அகலத்தால் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. 35 மி.மீ.க்குக் கேட்டின் அகலம் ஏறக்குறைய 21 மி.மீ. அறை 15 மீட்டர் நீளம், லென்ஸ் 75 மி.மீ. என்றால் 15 x 21 / 75, அதாவது 4.2 மீட்டர் அகலத் திரை. இதுவே சினிமாஸ்கோப் என்றால் அதற்குரிய லென்ஸ் படத்தை அகலத்தில் இரண்டு மடங்காக்கும். அதே திரைக்குள் அடக்க அடிப்படை லென்ஸ் 150 மி.மீ. வேண்டும். 'ஸ்கோப் லென்ஸ் இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால், அதோடு சேரும் அடிப்படை லென்ஸும், ஸ்கோப்புக்கும் 1.85 என்ற சாதாரண அகலத்திரை விகிதத்துக்கும் உரிய, படத்தின் அளவை வரையறுக்கும் கேட் தகடுகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். தகடு பெரும்பாலும் இருக்காது. அளவு குறைவாக வெட்டிய தகடு கிடைத்தால் திரைக்கு ஏற்ப நீங்களே அரம் வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம்.

திரையின் நடுவில், ஃபிலிம் இல்லாமல், 16 அடி-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்பது தியேட்டர் அளவு. 4.2 மீட்டர் அகலமும் 2.27 மீட்டர் உயரமும் உள்ள திரை ஏறக்குறைய 102 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரையில் அதற்குத் தேவை 1,630 லூமன் அளவுதான். 1,000 வாட் செனானே தாராளம். பெரிய தியேட்டரில் இருந்தது என்பதற்காக 3,000 வாட் பெட்டியைச் சுமந்து வந்தால், மின்கட்டணமும் சூடும்தான் மிச்சம், ஃபிலிமும் கேட்டில் வாடும்.

16 மி.மீ. கருவிகள் பலவற்றில் 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் பல்பு. கருவியின் தகட்டில் உள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு போய் அதே குறியீட்டில் மூன்று வாங்கி வையுங்கள்.

மின்சாரம் போகும் ஊர் நம்முடையது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது நினைவிருக்கும். படத்தை நிறுத்தினால் ஒன்றுமில்லை. ஆனால் எரிந்துகொண்டிருந்த செனான் பெட்டியின் மின்விசிறி திடீரென நின்றால் லேம்புக்கு ஆபத்து. அந்த விசிறியை மட்டும் ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள், லேம்ப் அணைந்த பிறகும் பத்து நிமிடம் சுழலட்டும்.

ஒலி

சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபிலிமின் ஓரத்தில் உள்ள ஒலித்தடத்தைப் படிக்கும் எக்சைட்டர் பல்பு உதிரி இரண்டு வேண்டும். 2000களில் வந்த பிரிண்டுகள் சிலவற்றில் ஒலித்தடம் நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். அதைப் படிக்கச் சிவப்பு விளக்கு தேவை. பழைய கறுப்புத் தடத்தைச் சிவப்பு விளக்கும் படிக்கும் என்பதால், மாற்றுவதானால் சிவப்புக்கு மாற்றுங்கள். 35 மி.மீ.யில் ஒலி படத்துக்கு 20 முதல் 21 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும், 16 மி.மீ.யில் 26. உதட்டசைவும் பேச்சும் பொருந்தாவிட்டால் ஆம்பிளிஃபையரைத் திட்டாமல், கேட்டுக்குக் கீழே நீங்கள் விட்ட லூப்பை, அதாவது ஃபிலிமின் தொய்வு வளைவைப் பாருங்கள்.

எங்கே வாங்குவது?

ஸ்பானர், அரம், குறடு, எண்ணெய்க் குப்பி எல்லாம் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்துவிடும். அங்குல அளவுச் சாவிகளும் மில்லிமீட்டர் அளவுச் சாவிகளும் சேர்த்தே எடுங்கள், பழைய கருவிகளில் எது வரும் என்று சொல்ல முடியாது. ஆல்கஹால், கெப்பாசிட்டர், ஒலிப் பாகங்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். பழைய புரொஜெக்டர் பாகங்களுக்கு, படக் கம்பெனிகள் நிறைந்திருந்த மீரான் சாகிப் தெருவில் விசாரிக்கத் தொடங்கலாம்.

உங்கள் கருவியின் அதே மாடல் இன்னொன்று ஓடாத நிலையில் எங்காவது கிடைத்தால் அதையும் வாங்கிவிடுங்கள். பல்சக்கரம் ஒன்றைத் தேடி ஆறு மாதம் அலைவதைவிட அது மலிவு. ஒருவர் ஓட்டியதை இன்னொருவர் வாங்குவது இந்தத் தொழிலில் தொடக்கத்திலிருந்தே உள்ளதுதான். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில படங்களையும் வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகக் காட்டக் கிளம்பினார்.

முதல் ஓட்டம்

எல்லாம் சேர்ந்த பிறகு, நல்ல பிரிண்டை எடுக்காதீர்கள். பயனற்ற ஃபிலிம் ஐம்பது அடியை வளையமாக ஒட்டி, லேம்ப் ஏற்றாமல், பத்து முறை கருவி வழியே ஓடவிடுங்கள். பிறகு அதை வெளியே எடுத்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். படப் பகுதியில் நீளக்கோடு விழுந்திருந்தால் எந்த உருளை சுற்றாமல் நிற்கிறது என்று தேடுங்கள். துளையின் மூலையில் வெள்ளையாக நசுங்கியிருந்தால் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது அல்லது கேட்டின் அழுத்தம் அதிகம். ஓரத்தில் மட்டும் பொடி உதிர்ந்தால் ஸ்பூல். சரிசெய்துவிட்டு, புது ஐம்பது அடி எடுத்து மறுபடி ஓட்டுங்கள். வளையம் சுத்தமாக வெளிவந்த அன்று ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, முதல் பக்கத்தில் தேதி, லேம்ப் ஓடிய மணி, எண்ணெய் விட்ட இடங்கள், எந்த ரீலில் எத்தனை ஒட்டு என்று எழுதிவிட்டு, படப்பெட்டியைத் திறக்கலாம்.